கேள்விக்குறியாய் வந்த பெயர்கள்

காலையிலிருந்து உட்கார்ந்ததில் இடுப்பு கடுக்கிறது. தோஸர் என்கிற பாலைவன ஊரின் ஆய்வக ஜன்னலில் மணல் படிந்து, மதிய வெயில் கலங்கி விழுகிறது. பேரீச்சை மரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்தவர்களைப் பற்றி யார் யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலையெல்லாம், எங்களோடு வேலை பார்த்துச் செத்துப்போன மப்ரூக்கா இந்த ஒரு மென்பொருளில்தான் சேர்த்து வைத்திருக்கிறாள். மாலையில் உரிமம் முடிந்தால் அது பூட்டிக்கொள்ளும். மற்ற மென்பொருள்களும் படிக்கிற வடிவத்தில் நகலெடுத்து, வேறொன்றில் திறந்து பார்க்கிறேன். கட்டுரை எழுதியவர்களில் பிரெஞ்சுப் பெயர்கள் சரியாக நிற்கின்றன. அரபுப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகள். “விசா ஆபீஸ் மாதிரியே இருக்குக்கா. நம்ம பேருன்னா மட்டும் படிக்க வராது,” என்கிறான் கூட வேலை பார்க்கும் லஸ்ஹர். “எல்லா மொழி எழுத்தும் வர்ற யூனிகோடுன்னு மாத்தி இன்னொரு தடவை எடுக்கா,” என்கிறான் அவனே. எடுக்கிறேன். பெயர்கள் வலமிருந்து இடமாக வந்து நிற்கின்றன. “மப்ரூக்கா எழுதி வச்ச குறிப்பு?” “அதுவும் வந்திருக்குடா.” என் நாற்காலியை இறுகப் பிடித்திருந்த அவன் கை மெல்ல விடுகிறது. நஷ்டஈடு கேட்க மரமேறிகளுக்கு அவள் எழுதித் தருவதாகச் சொன்ன அறிக்கையில் இன்னும் ஒரு வரிகூட இல்லை. அந்த அறிக்கை, இனி அவர்களுக்கு நாங்கள் தீர்க்க வேண்டிய கடன்.