இரண்டாவது சுற்றுப் பால்

அப்பாவின் வாயில் பாலை ஊற்றிவிட்டு, ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

விடிந்ததும் நெய்வேலியிலிருந்து கிளம்பி வந்தவன். ஒரு நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நாலு பேர் இருக்கிற இடம். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற தெரு. அப்பா கொளஞ்சிநாதன் அங்கே தனியாகத்தான் இருந்தார். அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. கதவு சாத்தியே கிடக்கிறதே என்று நேற்று எதிர்வீட்டுத் திரௌபதி எட்டிப் பார்த்திருக்கிறாள். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவரைக் கண்டு பதறிப்போய், இரண்டு பிள்ளைகளுக்கும் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா தம்பி?" என்று இன்று காலையிலும் கேட்டாள்.

"வயசான உடம்புங்க. ஊசி குத்தி, டியூபு சொருவி, எதுக்குக் கொடுமைப்படுத்தணும்?" என்று ராஜா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

திருமால் சித்தப்பா நாடி பிடித்துப் பார்த்தார். அந்தத் தெருவில் எந்த உயிர் போவதென்றாலும் அவர் உத்தரவு கொடுத்தால்தான் போகும்.

"நாடி விழுந்துருச்சு. பொழுது சாயத் தாங்காது. ஆளாளுக்குப் பாலை ஊத்திடுங்க."

ஊற்றினார்கள். மூத்தவன் ராஜா, அவன் மனைவி சந்திரலேகா, திட்டக்குடியிலிருந்து வந்த தம்பி பழமலை, அவன் மனைவி கவிப்ரியா. ஊற்றும்போது ஆளுக்கொரு அழுகை, ஊற்றி முடித்ததும் ஆளுக்கொரு செல்போன்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு டிசைன்கூட வந்துவிட்டது. அதில் தன் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதென்று பழமலைக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. ஐஸ் பெட்டிக்காரன் வேறு நச்சரித்தான்.

"சார், மங்கலம்பேட்டையில ஒரு கேஸு இருக்குது. பெட்டி உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"இருங்க, இந்தா ஆயிரும்," என்றான் ராஜா.

ஆகவில்லை. ஊற்றிய பாலெல்லாம் மடக் மடக்கென்று உள்ளே இறங்கியது. மூச்சு நிற்கிற வழியைத்தான் காணோம்.

"என்னா சித்தப்பா, இப்படி இழுத்துக்கிட்டே கெடக்குது?"

சித்தப்பா தாடையைச் சொறிந்தார்.

"மனசுல எதுனா ஆசை தங்கியிருந்தா உசுரு லேசுல போவாதுப்பா. அவருக்கு எதுனா குறை வெச்சீங்களா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. உறவுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கே பேர் கெட்டால் காரியம் முடிந்த பிறகும் இதே பேச்சாகத்தான் இருக்கும்.

"குறையா? நல்லா கேட்டீங்க போங்க. இவரால பொங்கித் திங்க முடியலன்னு தெரிஞ்சதுமே அண்ணன் தம்பி பேசி முடிவு பண்ணிட்டோம். மொத மாசம் என் முறை, அடுத்த மாசம் அவன் முறை, அப்படியே மாத்தி மாத்தி. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுக்கு ஒரு போன் பண்ணா, மூணு வேளையும் கேரியரு வூட்டுக்கே வந்துரும். எந்தப் புள்ளைங்க இப்படிப் பாத்துக்குவாங்க?"

"அதானே," என்றாள் சந்திரலேகா. அந்த மெஸ் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரியாது.

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. இன்னொரு சுத்து ஊத்துங்க. இந்தத் தடவை சொந்தபந்தம், அக்கம்பக்கம், எல்லாரும் ஊத்தட்டும். யாரு கைப்பாலுக்குக் காத்துக்கிட்டிருக்காரோ!"

இரண்டாவது சுற்று ஆரம்பமானது. திரௌபதி தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆற்றிக் கொண்டுவந்தாள். தெருவே வரிசையில் வந்து ஊற்றியது. சொம்பு பாதிக்கு மேல் காலி.

கிழவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. விரல்கள் அசைந்தன.

"பாத்தீங்களா?" என்றார் சித்தப்பா, எல்லாம் அறிந்தவராக. "போவப்போறப்ப முகம் இப்படித்தான் தெளியும். எல்லாரும் கிட்ட வாங்க."

கவிப்ரியா ஓவென்று அழுதாள். சந்திரலேகா செல்போனில் வீடியோவை ஓடவிட்டாள். தன் முகமும் அதில் விழுகிற மாதிரி ராஜா குனிந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொளஞ்சிநாதன் கண்ணைத் திறந்தார். மகனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சொல்லுப்பா! என்னா ஆசைன்னு சொல்லு. எதுனாலும் செய்யறேன்."

"பாலு... இன்னும் கொஞ்சம் ஊத்துடா," என்றார் அவர். "சோறு இருந்தாலும் போடு. பசி தாங்கல."

கவிப்ரியாவின் அழுகை பாதியில் நின்றது. வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரௌபதிதான் கேட்டாள்.

"ஏன் பெரிப்பா, கேரியரு வரல?"

"அது நின்னு எவ்வளவோ நாளாவுது. நடக்க முடிஞ்சவரைக்கும் டீக்கடையில பன்னு வாங்கித் தின்னேன். அப்புறம் எழுந்திருக்க முடியலம்மா. இவனுங்களுக்குப் போன் போட்டேன். ரெண்டு பேருமே எடுக்கல."

எல்லோருடைய பார்வையும் ராஜாவின் மேல் விழுந்தது. அவன் விருட்டென்று தம்பியின் பக்கம் திரும்பினான்.

"டேய், இது உன் முறையாச்சேடா! ஜூலை முடிஞ்ச அன்னிக்கே மெஸ்ஸுக்குப் போன் பண்ணி, இனிமே என் தம்பி சொல்லுவான்னு நிறுத்திட்டேனே!"

பழமலைக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் முறை ஆவணி ஒண்ணாந் தேதியிலருந்துதானண்ணே! இன்னும் ஆடியே முடியலையே!"