தளபதிக்கு வந்த இலைக்கிரீடம்

கிரேக்க நகரம் ஒன்றில் அரசனை விரட்டிவிட்டுப் புதியவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பிறகு, பழைய அரசனின் தளபதி நிகாண்ட்ரஸுக்கு ஆலிவ் இலைகளால் பின்னிய கிரீடம் ஒன்றை அனுப்பி, விருந்துக்கு அழைத்தார்கள்.

அவருடைய வெண்கலத் தலைக்கவசத்துக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மேசையில் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கிரீடத்தை அது மேலும் கீழும் பார்த்தது.

"புதுசாப் பின்னினதா நீ?"

"இன்னிக்குக் காலையிலதான் அண்ணே."

"அப்புறம் ஏன் இலையெல்லாம் வாடிக் கிடக்கு?"

"வெளியில வெயில் கொளுத்துது. உங்களுக்கென்ன, நிழல்லயே உட்கார்ந்திருக்கீங்க."

"சரி, உள்பக்கம் சிக்கியிருக்கே, அந்த நரைமுடி யாருது?"

கிரீடம் சட்டென்று ஓர் இலையால் அந்த முடியை மூடிக்கொண்டது. நேற்று இதேபோல விருந்துக்குப் போன கடற்படைத் தலைவருக்குத் தலை முழுக்க நரை. அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அப்போது நிகாண்ட்ரஸ் குளித்துவிட்டு வந்தார்.

"ஐயா, என்னைப் போட்டுக்கிட்டுப் போங்க. இல்லேன்னா போகவே போகாதீங்க" என்று கவசம் கெஞ்சியது. அவர் அதைக் கையில் எடுத்ததும் அதற்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார். அதன் பளபளப்பில் பார்த்துப் பார்த்துக் கிரீடத்தைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டார். பிறகு கவசத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு விருந்துக்குப் புறப்பட்டார்.