திட்டு வாங்கும் வேலை

தீர்ப்பை இயந்திரமே சொல்லத் தொடங்கியதும் கிரிக்கெட் மைதானங்களில் கூட்டம் குறைந்தது. இயந்திரத்துக்கு அம்மா கிடையாது. யாரை இழுத்துத் திட்டுவது? ஆகவே அம்பயர்களைத் திரும்பவும் வேலைக்கு எடுத்தார்கள். காதுக்குள் இயந்திரம் சொல்வதைக் கேட்டு விரலைத் தூக்க வேண்டும். வசவை வாங்கிக்கொள்ள வேண்டும். திண்டுக்கல்லில் சவரிராஜ் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவந்தார்.

ஒரு மாலை, பந்து மட்டையை ஒட்டிக் கடந்து கீப்பரின் கைக்குப் போனது. எல்லோரும் அவுட் கேட்டுக் கத்தினார்கள். சவரிராஜின் காதுக்குள் சத்தமே இல்லை. இயந்திரம் நின்றுபோயிருந்தது.

“படலண்ணே. நீங்க பாத்தீங்கல்ல?” என்றான் மட்டை பிடித்தவன்.

அவர் பார்த்திருந்தார். “நாட் அவுட்,” என்றார்.

இயந்திரம் நின்றுபோன செய்தி மைதானத்தின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திட்டவில்லை.

மறுநாள் சங்கச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“மெஷினும் அப்பறம் நாட் அவுட்டுன்னுதான சார் சொல்லுச்சு?” என்றார் சவரிராஜ்.

“அதான்யா பிரச்சினை. நீ நெசமாவே பாத்துச் சொல்றேன்னு தெரிஞ்சுபோச்சு. இனி எவன் உன்னைத் திட்டுவான்? கெளம்பு.”

அடுத்த ஞாயிறு சவரிராஜ் பார்வையாளராகப் போய் உட்கார்ந்தார். புது அம்பயர் காதைத் தொட்டுக்கொண்டு விரலைத் தூக்கினார். சரியான அவுட். இவரும் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்று கூட்டம் திட்டத் தயங்கியது. புது ஆள் கலவரத்துடன் கூட்டத்தைப் பார்த்தார். வேலை போய்விடும் என்ற பயம் அது.

சவரிராஜ் எழுந்தார். “யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

கூட்டம் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டது. புது அம்பயர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.