லொட்டுவின் படகில் ஓர் இடம்

ஐந்தரை மணிக்கு ஜெப ஷீலா அலுமினிய அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்தாள். அதுதான் படகு.

டிவியில் லொட்டு என்ற ஒட்டகக்குட்டி தன் திமிலைத் தட்டித் தாளம் போட்டது. ஏழு தட்டு, ஏழு அலை.

கடலையே பார்த்திராத ஐந்து வயதுப் பாளையம்பட்டிப் பிள்ளை, அலைகளை எண்ணி முடித்துவிட்டு, தண்ணீர் தெறித்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அவளுடைய சித்தி. எந்தெந்த நாட்டுக் கதைகளையோ மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். வெயில் காயும் ஊரில் ஓர் அண்டாவை மிதக்கவிட்ட கதை எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

கொஞ்சம் முன்புதான் அக்கா சென்னையிலிருந்து கூப்பிட்டிருந்தாள். அவள் அங்கே ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குப் போய் நாற்பது நாளாகிறது. அன்றிலிருந்து மகள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் போனை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் போனை டிவி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

லொட்டுவிடம் மட்டும் பேசுவாள்.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே அதுதான். லொட்டு எதையாவது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பாட்டும் நின்றுவிடும். பிள்ளைகள் பதில் சொல்ல முழுதாக நான்கு விநாடி. சின்ன வயதில் எந்தப் பெரியவரும் எனக்கு அவ்வளவு நேரம் தந்ததில்லை.

"படகுல இன்னும் ஒரு இடம் இருக்கு. யாரை ஏத்திக்கலாம்?"

பாட்டு நின்றது.

நேற்றுவரை இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிதான் பதில். இன்று ஜெப ஷீலா முழங்காலை ஒடுக்கி, எதிரே இடம்விட்டாள்.

"எங்கம்மாவ. அதுக்கு நீச்சல் தெரியாது. நான் பிடிச்சுக்கிருவேன்."

மூன்று. நான்கு.

"சரி, அவுகளும் ஏறட்டும்!" என்றது லொட்டு.

சென்னையில் எடுக்கிற தொடர். எங்கள் ஊர்ப் பேச்சான அந்த 'அவுக'வை அங்கே யாரும் திருத்தவில்லை.

ஜெப ஷீலா திரும்பிப் பார்த்தாள்.

"லொட்டுக்கு எந்த ஊரு சித்தி?"

நான் போனை நிமிர்த்தினேன். இணைப்பு இன்னும் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, அதை அண்டாவுக்குள் காலியாக இருந்த இடத்தில் வைத்தேன்.

முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பிறகு, ஒட்டகக்குட்டியின் அதே குரல்:

"பாளையம்பட்டிதான். கொஞ்சம் தள்ளி உக்காரு, கண்ணு. எனக்கு நீச்சல் தெரியாது."