மூன்றாவது பிளக்கின் கரி

ஒரு பழைய காரின் எஞ்சினில் நான்கு ஸ்பார்க் பிளக்குகள் குடியிருந்தன. மழை பெய்தால் போதும், வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் ஓடும். காரணம் மூன்றாவது பிளக்குக்குத் தெரியும். அதற்கு நெருப்பு கொண்டுவரும் ஒயரில் ஒரு வெடிப்பு. ஈரம் பட்டால் நெருப்பெல்லாம் வழியிலேயே ஒழுகிப் போய்விடும்.

"அண்ணே, எனக்கு எதுவும் வந்து சேரலையே" என்றது பிளக்.

"நான் கொடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? உனக்கு வாங்கிக்கத் துப்பில்லை" என்றது ஒயர்.

ஒரு மழை நாளில் மெக்கானிக் ஏகாம்பரம் எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மற்ற ஒயர்களைப் பிடுங்கியபோதெல்லாம் எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் துளிகூட மாறவில்லை.

"இது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று பிளக்கைக் கழற்றினார். அதன் முகமெல்லாம் கரி. அதற்கு மேல் சாட்சி எதற்கு? மூலையில் இருந்த தகர டின்னில் வீசினார்.

புதுப் பிளக் பளபளவென்று வந்து உட்கார்ந்தது.

"வாங்க தம்பி, முன்னாடி இருந்தவன் சுத்தச் சோம்பேறி" என்று வரவேற்றது ஒயர்.

"தம்பி, அந்த ஒயர் வெடிச்சிருக்கு!" என்று டின்னிலிருந்து கத்தியது பழைய பிளக்.

"வேலை போனவங்க எல்லாரும் பேசுற பேச்சுதானே இது?" என்று சிரித்தது புதுசு.

வெயில் அடித்தவரை வண்டி ஒழுங்காக ஓடியது. அடுத்த மழையில் குலுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. சற்று நேரத்தில், முகமெல்லாம் கரியோடு அந்தப் புதுப் பிளக் டின்னுக்குள் வந்து விழுந்தது. பழையது சற்றே நகர்ந்து இடம் விட்டது.

எஞ்சினுக்குள்ளிருந்து ஒயரின் குரல் மட்டும் கேட்டது.

"வாங்க தம்பி, முன்னாடி இருந்தவன் சுத்தச் சோம்பேறி."