கேஷிகாவின் கணக்குத் தாள்

அன்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்த பூரணி, எட்டாம் வகுப்பில் படிக்கும் தன் மகள் கேஷிகாவின் கணக்குப் பரீட்சைத் தாளைக் கணக்கு ஆசிரியர் தரணிதரன் சேரின் மேசையில் அறைந்தாள்.

“இதென்னாங்க சேர்? இப்புடியா புள்ளி போடுறது?”

சேர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா? பிள்ளை எழுதினதுக்குத்தான் புள்ளி.”

“என்னா எழுதியிருக்கான்னு பாத்தீங்களா?”

“கத்தாதீங்கம்மா. எத்தன புள்ளி வேணும்? சொல்லுங்க, கூட்டிப் போட்டுடுறேன்.” எரிச்சலோடு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“கொறைங்க!”

சேர் நிமிர்ந்து பார்த்தார்.

“16/64-ஐச் சுருக்கச் சொன்னீங்க. இவ மேல இருக்க ஆறையும் கீழ இருக்க ஆறையும் வெட்டிட்டு 1/4-னு எழுதியிருக்கா. விடை எப்புடியோ சரியா வந்திருச்சி. நீங்களும் சரி போட்டுட்டீங்க. நேத்து நான் 12/24 குடுத்தேன். ரெண்டுக்கு ரெண்ட வெட்டிட்டு அதுக்கும் 1/4-ங்கிறா! அரை எப்புடிங்க கால் ஆகும்? பிழைன்னு சொன்னா, ‘சேரே சரி போட்டாரு, ஒனக்கு என்னா தெரியும்’னு என்னையே கேக்குறா!”

சேர் இப்போதுதான் தாளைத் திருப்பினார். இரண்டு ஆறுகளும் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே அவர் போட்ட சரி.

“தோட்டத்து லயத்துப் புள்ளைக்கு இது போதும்னு நெனச்சிட்டீங்களா?” பூரணி அந்தச் சரியின் மேல் விரலை ஊன்றினாள். “அவளக் கூப்புட்டு, மேலயும் கீழயும் பதினாறால வகுக்கச் சொல்லிக் குடுங்க. அது வரைக்கும் நான் இங்கனயேதான் நிப்பேன்.”