பிறந்தநாள் துவக்கு

சாரதாதேவி துவக்கைத் தோளில் ஏந்திக் குறிபார்த்து இடக்கண்ணை மூடியபோது, பக்கத்தில் நின்ற அவளுடைய கணவர் ஞானரட்ணத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"இது பாரமில்லை. உங்கடை கைக்குத் தோதாயிருக்கும்" என்றபடி அவள் துவக்கை இறக்கினாள்.

அந்த வியர்வைக்குக் காரணம் இருந்தது. ஒரு வருடமாக, ஞாயிறு காலைகளில் துவக்குச் சுடும் கிளப்புக்குப் போவதாக அவர் வீட்டில் சொல்லிவந்தார். உண்மையில் போனது ரூ காய் தெருவில் இருக்கும் பாலச்சந்திரனின் பலசரக்குக் கடைப் பின்னறைக்கு, சீட்டு விளையாட. இனிச் சீட்டைத் தொட்டால் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சாரதாதேவி முன்பே சொல்லியிருந்தாள். பஸ் தரிப்பிடத்தில் பார்த்த ஒரு கிளப் விளம்பரம்தான் அன்று பொய்யாக வாயில் வந்தது. அவளும் நம்பிவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். ஞாயிறுகளில் அவள் தன்பாட்டில் பொபினியிலிருக்கும் தங்கை வீட்டுக்கென்று புறப்பட்டுப் போய்வந்தாள்.

இப்போது அவருடைய பிறந்தநாள். இரவல் துவக்கால் எத்தனை நாளைக்குச் சுடுவது என்று கேட்டு, லா சப்பல் கடைத்தெருவில் மரக்கறி வாங்க வந்த மனுஷனை அப்படியே துவக்குக் கடைக்குள் கூட்டிவந்துவிட்டாள்.

மேசையில் இரண்டு லீவர் துவக்குகள் கிடந்தன. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். ஒன்று மலிவு. மற்றது அதைப்போல இரண்டு மடங்கு விலை.

ஞானரட்ணம் பிறந்ததிலிருந்து துவக்கைத் தொட்டதில்லை. இருந்தாலும் தேங்காய் வாங்குவதுபோல இரண்டையும் தட்டிப் பார்த்தார். மலிவானதில் மரமும் இரும்பும் பொருந்தவில்லை என்றார். அப்படியென்றால் மற்றதை எடுப்போம் என்றாள் அவள். அந்த விலைக்கு அது தங்கத்தில் அல்லவா இருக்கவேண்டும் என்றார். சரி, மலிவானதையே எடுப்போம் என்றாள். உயிரோடு விளையாடலாமா என்றார்.

"தரம் பாத்தால் விலை கூட. விலை பாத்தால் தரம் இல்லை. வாரும், வீட்டை போவம்."

அவள் அசையவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளே ரவை இருக்கிறதா என்று முதலில் பார்த்து, குழலை நிலத்துக்குத் திருப்பி, வளையத்தை இழுத்தாள். மலிவானது பாதியில் இறுகி நின்றது. மற்றது வெண்ணெய்போல வழுக்கியது. டி.வி. பார்த்துப் பார்த்து இவள் கெட்டுப்போனாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். விலை கூடியதுதான் நாள்பட உழைக்கும் என்று அவள் முடிவுகட்டினாள்.

கடைக்காரி மரி-லூயிஸ் கிளப் அட்டையைக் கேட்டாள். ஞானரட்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாப் பைகளையும் தடவிவிட்டு, அட்டை வீட்டில் கிடக்கிறது, இன்றைக்கு வாங்க வழியில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டார்.

"பரவாயில்லை. என்ரை பேரிலை எழுதட்டும்" என்றாள் சாரதாதேவி. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் அவளுடைய படம் இருந்தது.

அவர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீரும் கிளப்புக்குப் போறனீரோ?"

"ஓம், ஒவ்வொரு ஞாயிறும். உங்களைத்தான் அங்கை ஒருநாளும் காணேல்லை."